ஒரு விரல் சந்து

என் வீட்டுக்காரர் ஜன்னல் வேலை செய்கிறவர். சரியாகச் சொன்னால், பொருத்திய ஜன்னலைச் சுற்றி ரப்பர் பட்டி ஒட்டுகிறவர். அவர் ஒட்டிவிட்டுப் போன ஜன்னலில் காற்று நுழையாது, தூசி நுழையாது, பக்கத்து வீட்டுச் சண்டைகூட நுழையாது. வேலையிடத்தில் அவரை ‘ரப்பர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதை ஒரு பட்டம் மாதிரி நினைத்துக்கொண்டு அவரும் திரும்பிப் பார்ப்பார். நான் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவள், பதினேழு வருஷமாக. எங்கள் இருவருக்கும் தெரிந்த தொழில் இவ்வளவுதான். நான் பொங்க வைப்பேன், அவர் அடைப்பார். அந்த வருஷம் இரண்டும் ஒரே அறையில் நடந்தன. அந்த அறையில்தான் என் தம்பி தூங்கினான்.

வைன் செய்கிற பைத்தியம் ஒரு கண்ணாடி ஜாடியிலிருந்து தொடங்கியது. யாரோ வீட்டைக் காலி செய்யும்போது குப்பையோடு போட்டிருந்த ஜாடி. குழந்தையை உட்கார வைக்கலாம், அவ்வளவு பெரியது. அதை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டில் இருக்கிற சாமான் போதாதா என்று நான் ஒரு பாட்டம் கத்தினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று நாள் சோடா உப்பும் வெந்நீரும் போட்டு அலசினார். பிறகு போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். சாப்பிடும்போது வைன், பல் தேய்க்கும்போது வைன். சொந்த நாக்கால் அதுவரை இரண்டு தடவைதான் வைன் குடித்திருப்பார்.

முதல் தடவை ஒரு பெட்டி கறுப்புத் திராட்சை வாங்கிவந்து, என் மாவுத் தொட்டியில் கொட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கையாலேயே நசுக்கினார். வைனுக்கென்று தனி ஈஸ்ட் உண்டு என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இருபது கிலோ மாவத் தூக்கி நிறுத்துற ஈஸ்ட்டு, உங்க அஞ்சு கிலோ திராட்சையப் பாத்து பயந்துடுமா?” என்று கேட்டு, கடையிலிருந்து ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தேன். ஈஸ்ட் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்கக் கூடாது. அது பொங்கத்தான் செய்தது. ஆனால் மனிதர் குட்டி போட்ட பூனை மாதிரி ஜாடியையே சுற்றிச் சுற்றி வந்து, மணிக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்ததில் எல்லாம் புளித்துக் காடியாகிவிட்டது. என் தம்பி ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “வீணாக்காதீங்க மாமா, ஜன்னல் துடைக்க ஆகும்” என்றான். நாங்கள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்தொன்று. அதற்குப் பிறகு நான் எங்கே இருந்தேனோ அங்கேதான் அவனும் இருந்தான். கல்யாணமாகி வந்தபோது கையில் பெட்டியும் பின்னால் தம்பியுமாகத்தான் வந்தேன். வீட்டுக்காரர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகும். தம்பி இரவு பஸ் ஓட்டினான். மாலை ஏழு மணிக்குப் போனால் காலை ஆறரைக்கு வருவான். பகலெல்லாம் தூக்கம். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து முதுகு போய்விட்டது. கட்டிலில் படுத்தால் குத்துகிறது என்று தரையில் மெத்தை போட்டுப் படுப்பான்.

எங்கள் வீடு ரொட்டிக் கடைக்குப் பின்பக்கம், ஒரே கட்டடம். சமையலறையைத் தாண்டி ஒரு சின்ன அறை. அதன் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் கடையின் அடுப்பு. எப்போது தொட்டாலும் சுவர் வெதுவெதுப்பாக இருக்கும். முதுகுவலிக்கு இதமென்று அந்த அறையைத் தம்பிக்குக் கொடுத்திருந்தோம். இரண்டாவது தடவை ஜாடியை எங்கே வைக்கலாம் என்று இவர் விழித்துக்கொண்டு நின்றபோது, நான்தான் அந்தச் சுவரைக் காட்டினேன். மாவு பொங்குகிற சூட்டில் திராட்சையும் பொங்கும் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இந்தத் தடவை இவர் கார்க்கில் ஓட்டை போட்டு, தன்னிடமிருந்த ரப்பர்க் குழாயைச் செருகி, மறுமுனையை ஒரு தம்ளர் தண்ணீரில் விட்டார். உள்ளே இருக்கிற வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. நாள் பூராவும் தண்ணீரில் ‘குளுக், குளுக்’ என்று குமிழி வந்துகொண்டிருந்தது. தம்பிக்கு அது பிடித்துப்போயிற்று. கடிகாரம் மாதிரி துணைக்கு இருக்கிறது, கேட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறேன் என்றான். இரண்டு மாதம் கழித்து வடித்தபோது நிஜமாகவே வைன். மூன்று பேரும் ஆளுக்கு அரைத் தம்ளர் குடித்தோம். தம்பி உதட்டைத் துடைத்துக்கொண்டு, “மாமா, என் கல்யாணத்துல எல்லாருக்கும் இதத்தான் ஊத்தணும்” என்றான். அவ்வளவுதான். மனிதருக்குச் சாமி வந்துவிட்டது.

கல்யாணம் கிட்டத்தட்ட முடிவான சமயம் அது. பெண் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். கண்ணாடிக்குக் கீழே சில்லறை தள்ளுகிற சின்ன ஓட்டை வழியாகவே இரண்டு வருஷம் பேசிக் காதலித்திருக்கிறார்கள். மிச்சமிருந்தது பெண் வீட்டுக்குப் போய்த் தேதி குறிப்பதுதான். அதற்கு ஒரு வியாழக்கிழமை மாலை பேசி வைத்திருந்தோம்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, கடையில் எண்ணெய் வந்த நீலப் பீப்பாய்கள் ஆறைக் கழுவி எடுத்துவந்து, ஆறிலும் கழுத்து வரை திராட்சை நசுக்கி ஊற்றினோம். நானே ஈஸ்ட் போட்டேன். கஞ்சத்தனம் பண்ணவில்லை. நம் பையன் கல்யாணம் என்று தாராளமாகவே போட்டேன், சர்க்கரையும் கூடவே. சாயங்காலத்துக்குள் ஆறும் பொங்கத் தொடங்கிவிட்டன. சுவர் ஓரமாக வரிசையாக ஆறு பீப்பாய், அவற்றின் காலடியில் தம்பியின் மெத்தை.

வாடை மேலே ஏறியது. மாடியில் இருக்கிற வீட்டுச் சொந்தக்காரம்மாள் இறங்கிவந்து, இது குடும்பம் இருக்கிற இடமா இல்லை வேறு எதாவதா என்று கேட்டுவிட்டுப் போனார். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று ராத்திரிக்குள் அந்த அறையின் ஜன்னலைச் சுற்றி இரட்டை ரப்பர் ஒட்டினார். வெயில் பட்டால் வைன் கெடும் என்று கண்ணாடிக்குக் கறுப்புத் தாள். கதவின் மேல்பக்கத்திலும் இரண்டு ஓரங்களிலும் ரப்பர். சாத்தும்போது ‘உப்’ என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவு இறுக்கம். கதவுக்கு அடியில் மட்டும் ஒரு விரல் கனத்துக்குச் சந்து விட்டிருந்தார்.

நான் விடுவேனா? ரப்பர் வீட்டுக் கதவில் எலி போகிற சந்தா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. முட்டிபோட்டு உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்து, “இத மட்டும் அடைக்கக் கூடாது. பொங்குறப்ப வர்ற வாயு கனமானது, தரையோடதான் போகும். அதுக்கு இதுதான் வழி” என்றார். நான் ‘உம்’ கொட்டினேன். வைனைப் பற்றி அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் அந்த ஆறு மாதமாக நான் ‘உம்’ கொட்டிக்கொண்டுதான் இருந்தேன். வலது காதில் வாங்கி இடது காதில் விடுவது என்பார்களே, அந்த வித்தையில் நான் தேர்ந்தவள். இதையும் அப்படித்தான் விட்டேன்.

திங்கட்கிழமை தம்பி தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவந்தான். தூக்கம் எப்படி என்றால் அடித்துப் போட்ட மாதிரி, ஆனால் மண்டை விண்விண்ணென்று தெறிக்கிறது என்றான். காப்பி கொடுத்தேன். அரை மணியில் சரியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை அறையைப் பெருக்கப் போனேன். பீப்பாய்களைச் சுற்றித் தரையெல்லாம் பழ ஈக்கள் செத்துக் கிடந்தன, ஒரு முறம் அளவுக்கு. விட்டது தொல்லை என்று வாரிக் கொட்டினேன். குனிந்து பெருக்கியதில் எனக்கும் மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பூனை அந்தக் கதவடியில்தான் எப்போதும் சுருண்டிருக்கும், அங்கே தரை சூடாக இருக்கும் என்பதால். அன்றிலிருந்து அது ஃபிரிட்ஜ் மேல் ஏறிக்கொண்டது. கீழே இறக்கிவிட்டால் மறுபடியும் ஏறிக்கொண்டது. சமையலறையில் நின்றால் கணுக்கால் உயரத்துக்குப் புளித்த வாடை ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

புதன்கிழமை தம்பி எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன், மாடிப்படி ஏறி வந்தவன் மாதிரி மூச்சு விட்டான். உதடு கொஞ்சம் கறுத்திருந்தது. சிகரெட்டை விடு என்று நான் பிடித்து வாங்கினேன். என் வீட்டுக்காரர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “மாப்பிள்ள, ஒரு வாரம் ஹால்ல படுத்துக்கயேன். பொங்கி அடங்கட்டும்” என்றார். ஹாலில் வெளிச்சம், தெருச் சத்தம், தூக்கம் வராது என்று தம்பி தயங்கினான். நான் குறுக்கே பாய்ந்தேன். “ராத்திரி நாப்பது உயிர ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டுறவன். அவன் தூக்கத்துல கை வைக்காதீங்க” என்றேன். இந்த வீட்டில் நான் குரலை உயர்த்தினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். முடிந்தது.

வியாழக்கிழமை காலை தம்பி வந்தபோது நான் கடையில் வேலை முடித்துச் சீக்கிரமே வந்திருந்தேன். இரண்டு பன் சாப்பிட்டான். சாயங்காலம் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டையைத் தேய்த்து நாற்காலியில் மாட்டியிருந்தேன். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “அக்கா, ரெண்டு மணிக்கு எழுப்பிவிடு. மூஞ்சி வீங்கிப்போய் நின்னா அவங்கப்பா என்ன நினைப்பாரு” என்றான். நல்லாத் தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கதவு ‘உப்’ என்று சாத்திக்கொண்டது.

எட்டு மணிக்குப் பிளம்பர் வருவதாக இருந்தது. சமையலறைத் தொட்டியின் குழாய் ஒரு மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அன்றைக்கென்று பார்த்துத்தான் அந்த மனிதருக்கு நேரம் கிடைத்தது. குழாயைக் கழற்றி மாட்டுவதென்றால் சுத்தியல் சத்தம் கேட்கும். தம்பிக்குத் தூக்கம் கெடுமே என்று யோசித்தேன். கதவடியில் பார்த்தேன். சமையலறை விளக்கின் வெளிச்சம் அந்தச் சந்து வழியாக உள்ளே நீளமாக விழுந்துகொண்டிருந்தது.

கடையிலிருந்து துவைக்கக் கொண்டுவந்த மாவுத் துணி ஒன்று இருந்தது. பிசைந்த மாவைப் போர்த்தி வைப்போமே, அந்தத் தடித்த துணி. அதை நீளவாக்கில் சுருட்டி, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கதவடிச் சந்தில் வைத்துக் கத்திப் பிடியால் அழுத்தினேன். நனைந்த துணி நன்றாகப் பிடித்துக்கொள்ளும். எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்வேன். ஒரு நூல் வெளிச்சம் போகாதபடி முனையிலிருந்து முனை வரை அழுத்தினேன்.

பிளம்பர் வந்தார். உள்ளே ஆள் தூங்குகிறது, மெதுவாகத் தட்டுங்கள் என்று கிசுகிசுத்தேன். அவரும் நல்ல மனிதர், ஸ்பானரில் துணி சுற்றிக்கொண்டு, மத்தியானம் வரை மெதுவாகவே வேலை பார்த்தார். நான் மேஜை முன்னால் உட்கார்ந்து, சாயங்காலம் எடுத்துப்போக வேண்டிய பழங்களைத் துடைத்துக் கூடையில் அடுக்கினேன். இடையில் இரண்டு தடவை அவருக்கு டீ போட்டேன். கரண்டிகூடச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டேன். அந்தக் கதவுக்கும் எனக்கும் நடுவே நாலு எட்டுகூட இருக்காது. ஆறு மணி நேரம் அங்கேயே இருந்தேன். அவன் நன்றாகத் தூங்குகிறான் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பத்து மணி வாக்கில் ஒரு விஷயம் கவனித்தேன். சமையலறையில் வாடை போய்விட்டிருந்தது. அப்பாடா என்று மூச்சை இழுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பூனையும் ஃபிரிட்ஜ் மேலிருந்து குதித்து இறங்கி வந்தது. கதவடியை முகர்ந்து பார்த்துவிட்டு, நான் வைத்த துணிமேலேயே சாய்ந்து சுருண்டு படுத்துக்கொண்டது. மூன்று நாளாகத் தரையில் கால் வைக்காத பூனை. “வந்துட்டியாடி மகாராணி” என்று அதன் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

இரண்டு மணிக்குப் பூனையைத் தள்ளிவிட்டுத் துணியை உருவினேன். அது காய்ந்து இறுகியிருந்தது. கதவை இழுத்தேன். ரப்பர் விட்டுக் கதவு திறந்ததும் முகத்தில் அடித்தது அந்த வாடை. கடையில் பெரிய மாவுத் தொட்டியின் மூடியைத் திறந்து தெரியாத்தனமாகத் தலையை உள்ளே விட்டால் மூக்குக்குள் ஊசி குத்துகிற மாதிரி ஒன்று ஏறும். பதினேழு வருஷமாக எனக்குத் தெரிந்த குத்தல். தொட்டிக்குள் குனியாதே என்று புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருத்தருக்கும் நான்தான் சொல்லிக்கொடுப்பேன். அதே குத்தல் அறை முழுக்க நின்றுகொண்டிருந்தது. ஆறு பீப்பாயும் கலகலவென்று பொங்கிக்கொண்டிருந்தன.

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். மெத்தையின் இரண்டு மூலையையும் பிடித்து இழுத்தேன். அவன் கை தரையில் தேய்ந்துகொண்டே வந்தது. வாசலைத் தாண்டியதும் என் கால் மடிந்துவிட்டது. பிளம்பர்தான் மிச்சத்தை இழுத்தார். பிறகு அவரே வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய் ஸ்பானரால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தார். நான் தம்பியின் கன்னத்தில் தட்டினேன். ரெண்டு மணியாச்சுடா, எழுந்திரு என்றேன். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னேன் போலிருக்கிறது, பிளம்பர் பிறகு சொன்னார். அவன் முகம் வீங்கவெல்லாம் இல்லை. தூங்கி எழப்போகிற முகமாகத்தான் இருந்தது. கை மட்டும் சில்லென்று இருந்தது.

அவன் தலைக்கு அடியில் எதையாவது வைக்க வேண்டும் என்று கையில் இருந்ததைச் சுருட்டி வைத்தேன். கையில் இருந்தது அந்தத் துணி. வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். தலையணைக்குப் பதிலாக ஒரு துணி, அவ்வளவுதான் பார்த்தார்கள், காலையிலிருந்து தொட்டிக்கு அடியிலேயே தலையை விட்டிருந்த பிளம்பரும்கூட.

தீயணைப்பு அதிகாரி ஒருவர் வந்தார். ஒரு லைட்டரைக் கொளுத்திப் பீப்பாய்க்குள் இறக்கிக் காட்டினார். பட்டென்று அணைந்தது. பொங்கும்போது வருகிற வாயு காற்றைவிடக் கனம், தண்ணீர் மாதிரி தரையில் தேங்கி மேலே ஏறும், தரையில் படுத்தவர்தான் முதலில் மூழ்குவார் என்றார். ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். யார் அடைத்தது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போன சட்டையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். “நான்தான் சார். எல்லாம் நான்தான்” என்றார். கதவடியைக் காட்டி, “கீழ ஒரு விரல் விட்டிருந்தேன் சார்” என்றார். அதிகாரி குனிந்து சந்தில் விரலை விட்டுப் பார்த்தார். இருந்தது. எதையோ எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் வாய் திறக்கவில்லை. ஊரெல்லாம் கேட்கிற மாதிரி பேசுகிற வாய்.

டிக்கெட் கொடுக்கிற பெண் வந்தாள். தேய்த்து மாட்டியிருந்த சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை என்மேல் விழுந்திருக்க வேண்டியது.

அந்தத் துணியை நான் துவைத்துவிட்டேன். கடையில் மற்றத் துணிகளோடு கலந்துவிட்டது. இப்போது எது என்று எனக்கே தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு நாள் காலையும் மாவைப் போர்த்தும்போது இதுதானோ என்று நினைக்கிறேன். சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பத்தில் தினமும் நினைத்தேன். அவர் சாப்பிடட்டும், சாப்பிட்டதும் சொல்லலாம் என்று நினைப்பேன். அவர் சாப்பிட்டு முடிப்பதே இல்லை, பாதியில் எழுந்துவிடுவார். அப்புறம் நாளாகிவிட்டது. இவ்வளவு நாள் கழித்துச் சொல்வது சொல்லாததைவிட மோசம் என்று ஆகிவிட்டது. எனக்கு என்மேல் இருக்கிற வெறுப்பை எதோடும் ஒப்பிட முடியாது.

அவர் ரப்பர் வேலையை விட்டுவிட்டார். இப்போது ஒரு கட்டடத்தில் காவலுக்கு நிற்கிறார். எங்கள் வீட்டில் எல்லா ஜன்னலிலிருந்தும் பட்டியைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டார். குளிர் காலத்தில் காற்று நேரே படுக்கைக்கு வருகிறது. இரண்டு பேரும் இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம்.

வாரத்துக்கு ஒரு தடவையாவது அவர் அந்தக் கதவின் முன்னால் போய் முட்டிபோட்டு உட்கார்வார். உள்ளே இப்போது ஒன்றும் இல்லை, பீப்பாய்கள் நின்ற இடத்தில் ஆறு வட்டம் மட்டும் தெரிகிறது. சந்தில் விரலை விட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக நகர்த்துவார். தொழில் தெரிந்த விரல். எங்கேயும் தட்டாது. நேற்றும் அப்படித்தான் செய்தார். நான் மேஜையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“திங்க, செவ்வா, புதன், மூணு நாள் இந்தச் சந்து பத்துச்சு” என்றார். “நாலாவது நாள் மட்டும் எப்படிப் பத்தாமப் போச்சு?”

நான் கத்தியை வைக்கவில்லை.

“ரெண்டு விரல் விட்டிருக்கணும்” என்றார்.

“ஆமா, விட்டிருக்கணும்” என்றேன்.